கடம் கேட்ட நடுப்பக்கம்

இசைப்பள்ளி மாணவர் இதழுக்குப் பக்கம் பிரிக்க வாத்தியங்கள் கூடின. இதழாசிரியர் வீணை, "கடம் அண்ணே, பின்னட்டை முழுக்க உங்க படம்தான்" என்று சிரித்தது.

கடத்துக்குச் சுருக்கென்றது. கச்சேரியிலும் பின்வரிசை, இதழிலும் பின்பக்கமா? இவள் சிரிப்பிலேயே ஏதோ உள்குத்து இருக்கிறது.

"எனக்கு நடுப்பக்கம் வேணும். ரெண்டு பக்கமும் சேர்த்து!"

"வேணாம்ணே, அந்த இடத்துல..."

"யாருக்கு ஒதுக்கி வச்சிருக்கே?"

வீணை நடுப்பக்கத்தையே கொடுத்துவிட்டது.

இதழ் வந்ததும் கடம் ஆசையாகப் பிரித்தது. இதழைச் சேர்த்து அடித்த இரண்டு பின்களும் படத்தில் அதன் வயிற்றிலேயே இறங்கியிருந்தன.

"அன்னிக்கே திட்டம் போட்டுட்டா!"

அன்றிலிருந்து கடம் விரிசல் விட்டிருக்கிறதா என்று தன் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. கணீரென்றுதான் கேட்கிறது. அந்தச் சத்தத்தையும் அது நம்புவதில்லை.