தாமத மன்னிப்பு

"உங்க மன்னிப்பு எனக்கு வேணாம் சார். கோர்ட்டோட மன்னிப்புதான் வேணும்" என்றாள் என் மருமகள்.

என் மகனுடைய வக்கீல், கும்பிட்ட கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சமரச மையத்தில் மேசை வட்டமாக இருந்தது. யாரும் யாருக்கும் எதிரி இல்லை என்று காட்டுவதற்காம். நாங்கள் உட்கார்ந்ததும் எதிரும் புதிருமாகத்தான் ஆனது.

என் மகனுக்கு அடிதடி வழக்கில் மூன்று வருடம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். வக்கீல் செய்யவில்லை. கெடு தாண்டி ஏழு மாதம் ஓடிவிட்டது.

மருமகள் வக்கீல் மீதே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் இங்கே அனுப்பிவிட்டது.

அவளுக்கு நஷ்டஈடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தவறு தன்னுடையது என்று வக்கீல் எழுதிக் கொடுத்தால் போதும். அதை வைத்து, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். மேல்முறையீட்டுக்கு உயிர் வரும். அவன் ஜாமீனில் வீட்டுக்கு வருவான்.

எழுதினால் வக்கீலின் முப்பது வருடப் பெயர் நாறிப்போகும்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுளே, கடவுளே என்று மட்டும்தான் வேண்டினேன். என்ன வேண்டும் என்று சொல்லத் துணிவில்லை.

"ஏன் தாக்கல் செய்யலை?" என்று கேட்டார் மத்தியஸ்தர்.

வக்கீல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மறந்துட்டேன்" என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் மறக்கவில்லை. மனு தயாராகத்தான் இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் நான்தான் அவருக்குப் போன் செய்தேன். மேல்முறையீடு வேண்டாம், அவன் உள்ளேயே இருக்கட்டும் என்று அழுதேன். பெற்றவளே சொல்கிறாளே என்று கேஸ் கட்டை மூடி வைத்துவிட்டார். கட்சிக்காரன் அவன், அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் செய்த தவறு அவ்வளவுதான்.

இப்போதாவது வாயைத் திற என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திறந்தால் இவள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். எனக்கென்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். திறக்காவிட்டால் அவன் வந்துவிடுவான்.

மருமகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அத்தை, அவரு வந்துடுவாரு."

"ஆமாம்மா" என்றேன்.

மத்தியஸ்தர் ஒப்பந்தத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவை இடது கையில் வாங்கி, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

என் மகனுக்குக் கிடைத்த மூன்று வருடம், தடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரின் மண்டையை உடைத்ததற்கு. இவளுடைய வலது கையை உடைத்ததற்கு யாரும் வழக்கே போடவில்லை.