அல்பேர்ட் அண்ணையின் குடா

அந்தத் தீவில் மணல் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கேட்டாள்.

எரிமலைக் கல் தேய்ந்த மணல் என்றேன். அதுவும் என் ஊகம்தான்.

மலை இப்போதும் புகைக்குமா, குடாவுக்குள் தண்ணீர் சுடுமா, அங்கே என்ன மீன் படும்? அம்மா விடுவதாயில்லை. பருத்தித்துறைக்காரிக்குக் கடல் என்றால் போதும்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்தக் குடா எந்த நாட்டில் இருக்கிறதென்று அல்பேர்ட் அண்ணைக்கே தெரியாது.

அவர்தான் இங்கே ஜெர்மனியில், எசன் நகரில் எங்கள் கலியாணத்துக்கு வீடியோ எடுத்தவர். எங்கள் ஆட்களின் கலியாண வீடியோ என்றால், கடைசியில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஏதாவதொரு நாட்டில் உலாத்தியே ஆக வேண்டும். என்னையும் தவராசாவையும் தன் கராஜில் ஒரு நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். பிறகு கம்ப்யூட்டரில் துணியை எடுத்துவிட்டுக் குடாவை வைத்தார். அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள்.

நாங்கள் எங்கே போவது? எங்கள் அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். எப்போது திருப்பி அனுப்புவார்களோ தெரியாது. எசனை விட்டுத் தள்ளிப் போகவே அனுமதி கேட்க வேண்டும்.

இது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. மகள் விசாவோடு இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் அவள் நித்திரை கொள்கிறாள். தெரிந்தால் படுக்கையில் விழுந்துவிடுவாள்.

ஆகவே கேட்கட்டும் என்று விட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த இடத்தைப் போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வெட்கக்கேடு.

நேற்றுப் பெரியம்மா வீட்டார் வந்து வீடியோ பார்த்தார்களாம். பெரியம்மா குடா வருகிற இடத்தை மட்டும் இரண்டு தரம் திருப்பிப் போடச் சொன்னாளாம். பெரியம்மாவின் கண்ணில் மண்ணைத் தூவ ஒருவராலும் முடியாது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"கடற்கரையில நிக்கிறாள், ஒரு தலைமயிர்கூட அசையேல்லையே எண்டு பெரியம்மா கேட்டவ. அது காத்து விழுந்த நேரம் எடுத்ததெண்டு நான் சொல்லிப்போட்டன் பிள்ளை. இனிமேல் எடுக்கேக்க பக்கத்தில ஒரு ஃபானைப் போடச் சொல்லு."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

நான் அழுது முடிக்கும்வரை அம்மா லைனிலேயே இருந்தாள்.

"சரி, இப்ப சொல்லு. உங்களை அனுப்பப் போறாங்களாமோ?"