சத்தம் கூடின துவக்கு

"இதிலை எந்தத் துவக்குக்குச் சத்தம் கூட எண்டு கேள்," என்றார் குணரத்தினம்.

தேவதாசன் அவரை விசித்திரமாகப் பார்த்தான். "துவக்கு வாங்க வந்த ஆள் இப்பிடியோ அண்ணை கேக்கிறது? குறி தப்பாமல் சுடுமோ எண்டெல்லோ கேக்க வேணும்!"

"குறி கிடக்கட்டும். நான் சொன்னதைக் கேள்."

மொன்றியலில், கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் வேலை. ஒவ்வொரு நவம்பரிலும் முதலாளி இரண்டு தொழிலாளிகளை மான் வேட்டைக்குக் கூட்டிப்போவார். போய்வந்தவர்களுக்கு வேலை நிரந்தரமாகிவிடும். 1987இல் அழைப்பு இவர்களுக்கு வந்தது. அகதி வழக்கு இன்னும் முடியாத குணரத்தினத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பொலிஸ் அனுமதிப் பத்திரம் எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்கு வந்துவிட்டார்.

கடைக்காரக் கிழவர் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார். தேவதாசன் தமிழில் சொன்னான்.

"பாரம் குறைஞ்சதா எடுக்கட்டாம். நாள் முழுக்கச் சுமக்க வேணுமெல்லே. அடிக்கட்டை உங்கடை கை நீளத்துக்கு அளவா இருக்க வேணுமாம். தோளிலை வைச்ச உடனை கண் நேரா ஓட வேணுமாம். முந்திப் பிந்தித் துவக்குப் பிடிச்சிருக்கிறியளோ எண்டும் கேக்கிறார்."

"நான் பிடிச்சதில்லை. எனக்கு நேரை கனபேர் பிடிச்சிருக்கிறாங்கள். துவக்கின்ரை வாய்ப்பக்கம் நல்ல பழக்கம் எண்டு சொல்லு."

தேவதாசன் சொன்னான். கிழவர் தன் நாற்காலியைக் குணரத்தினத்தின் பக்கம் நகர்த்தினார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய துவக்கைத் தூக்கிவந்தார்.

"இது வெடிச்சால் பக்கத்து ஊருக்கும் கேக்குமாம். ஆனால் குறி சரிவராதாம், அண்ணை."

"அருமை! இதையே எடுப்பம்."

மான் இறைச்சிக் கறிக்கென்று தேவதாசனின் மனைவி அக்னெஸ் ஏற்கெனவே தூள் வறுத்து இடித்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, காட்டில் விழுந்துகிடந்த மரமொன்றின் பின்னால் மூவரும் பதுங்கியிருந்தார்கள். கால் விறைத்துப்போன நேரத்தில் கொழுத்த மானொன்று வெளியே வந்தது. முதலாளி துவக்கைத் தோளில் வைத்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. மான் காதை மட்டும் ஆட்டியது. மறுபடியும் இருமினார். அது அசையவில்லை. முதலாளி குறி பார்த்தார்.

குணரத்தினம் வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

காடே அதிர்ந்தது. மானைக் காணவில்லை. முதலாளியின் தொப்பி பனியில் கிடந்தது.

"ஐயோ அண்ணை! என்ன வேலை பாத்தனீங்கள்?"

"அது ஓடித் தப்பட்டும் எண்டுதான் இந்தத் துவக்கையே எடுத்தனான். வேலை போனாப் போகட்டும்," என்றார் குணரத்தினம்.

முதலாளி எழுந்து வந்தார். குணரத்தினத்தின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் ஏதோ சொன்னார். தேவதாசன் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னவாம்? திங்கக்கிழமை வர வேண்டாமாமோ?"

"இந்த வேட்டை அவரின்ரை தகப்பன் தொடக்கி வைச்ச வழக்கமாம், விட ஏலாதாம். பதினைஞ்சு வருசமா இருமி இருமியே மானுகளைக் கலைச்சுத் தொண்டை புண்ணாப் போச்சாம். இனி வருசா வருசம் நீங்கள் கட்டாயம் வர வேணுமாம், அண்ணை!"