போணி

முப்பத்தோராயிரம் பேரை ஒரே சொடுக்கில் தூக்கிவிட்டாள்.

பின்னால் நின்றிருந்த முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஒன்பது வருடச் சேகரிப்பு அது. கண்காட்சிக்கு வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்கள். விசிட்டிங் கார்டை மறந்து வைத்துவிட்டுப் போனவர்கள். ஆடித் தள்ளுபடியில் குலுக்கல் பெட்டிக்குள் சீட்டுப் போட்டவர்கள். எல்லோருக்கும் வாரம் தவறாமல் ஒரு மின்னஞ்சல். சேலத்து வெள்ளிக் கொலுசு, புது டிசைன், வாங்க வாங்க.

குலுக்கல் சீட்டில் யார் உண்மையான முகவரி எழுதுகிறார்கள்? பாதி முகவரிகளில் ஆளே இல்லை. மீதிப் பாதியில் இருந்தவர்கள் 'இது ஸ்பேம்' என்று அழுத்தி அழுத்தி அலுத்துப்போயிருந்தார்கள்.

கடையின் பெயர் மெயில் கம்பெனிக்காரர்களின் கறுப்புப் பட்டியலில் ஏறியது.

அதற்கப்புறம், ஆசையாகக் கேட்டு வாங்குகிற வாடிக்கையாளருக்குக்கூட மெயில் இன்பாக்ஸில் விழவில்லை. நேராக ஸ்பேமில் போய் விழுந்தது. ஒரு மாதமாக ஆன்லைன் வியாபாரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள். கடை செய்த தப்பை ஒப்புக்கொண்டு அவர்களுக்கு நாலு முறை எழுதி, இன்று காலைதான் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வைத்தாள்.

ஒரு முறைதான் எடுப்பார்கள். மறுபடி ஏறினால் ஏறினதுதான். தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது.

அவளுக்குப் பயமில்லை. தெரிந்த வேலை.

மிஞ்சியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். விரும்பித் திறந்து படிக்கிறவர்கள் மட்டும். மெயிலின் அடியில் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த 'இனி வேண்டாம்' பொத்தானை எடுத்து, பளிச்சென்று மேலே வைத்தாள்.

முதலாளிக்கு அது அபசகுனமாகப் பட்டது.

"போறவங்க போகட்டுங்கண்ணா. புடிச்சு வெச்சா நம்மளத்தான் திட்டுவாங்க."

இன்று இருநூறு பேர். நாளை நானூறு. அப்படியே மெதுவாக. முதலில் போகிற மெயில்கள் உடனே திறக்கப்பட வேண்டும். யாராவது பதில் எழுதினால் இன்னும் நல்லது. அதை வைத்துத்தான் மற்ற மெயில்களை இன்பாக்ஸுக்குள் விடுவதா, ஸ்பேமில் தள்ளுவதா என்று மெயில் கம்பெனிக்காரர்கள் முடிவு செய்வார்கள். இதை அவள் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டது.

"போணி மாதிரின்னு சொல்லு."

கடை திறந்ததும் முதல் வியாபாரம் கைராசியான ஆள் கையால் நடக்க வேண்டும் அவருக்கு. நடக்காவிட்டால் மத்தியானம் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

"அப்ப மொதல்ல ஒருத்தருக்கு மட்டும் அனுப்பும்மா. கண்டிப்பா தெறப்பாங்கன்னு தெரிஞ்ச ஆளாப் பாரு."

அதில் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. அதிகம் திறந்தவர் முதலில் வரும்படி பட்டியலை அடுக்கினாள்.

முதல் பெயர், மாதேஸ்வரன்.

முதலாளியின் உடன்பிறந்த தம்பி. சேர்ந்து நடத்திய கடையில் பாகம் பிரித்துக்கொண்டு, அடுத்த தெருவிலேயே கொலுசுக் கடை போட்டவர். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்துவிடுவார் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயரை முதலாளி காதில் விழும்படி சொல்லாதே என்றும் சொல்லியிருந்தார்கள்.

சேர்ந்திருந்த காலத்தில் ஏறிய முகவரி. இங்கே யாரும் எடுக்கவில்லை. அங்கே அவரும் 'வேண்டாம்' என்று அழுத்தவில்லை.

பிரிந்த பிறகு போன மெயில்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. திறந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு. வாங்கியது ஒன்றுமில்லை.

"வேவு பாக்கறான்" என்றார் முதலாளி.

இருக்கலாம். போட்டிக் கடைக்காரர்தானே.

அவள் கடைசி நான்கு வரிகளைக் காட்டினாள். போன மாதத்து மெயில்கள்.

"இதெல்லாம் இன்பாக்ஸுக்கே போகலீங்கண்ணா. ஸ்பேமுக்குள்ள தேடிப் போய்ப் பாத்திருக்காரு."



பட்டியலில் தம்பிக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் பத்தில் ஏழுதான் திறப்பவர். அவள் அதையும் சொன்னாள். முதலாளியைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கணக்கை மாற்றிச் சொல்ல முடியாது.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அனுப்பு" என்றார்.

பத்து இருபதுக்குப் போனது.

பத்து இருபத்திரண்டுக்குத் திறக்கப்பட்டது.

இன்பாக்ஸில்தான் விழுந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மற்றவர்களுக்கும் அனுப்பிவிடலாமென்று கையை வைத்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது.

'படத்துல கொலுசுக் கொக்கி தலைகீழா இருக்கு. நீ எதையும் பாக்கறதே இல்லையா?'

வாய்விட்டுப் படிக்கலாமா என்று யோசித்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். படத்தை ஒரு முறை பார்த்தார். அந்த இரண்டு வரிகளைப் பல முறை பார்த்தார்.

"ஆமா, தலைகீழாத்தான் இருக்கு" என்றார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இதுக்குப் பதில் எங்க அடிக்கறது?"

அவள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

அவர் ஒற்றை விரலால் 'த'வைத் தேட ஆரம்பித்தார். அவள் தேடிக் கொடுக்கவில்லை.

மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று டீ குடிக்கப் போனாள்.