எதிர்வீட்டுப் பானை

"மனிதகுலத்தை இனிக் காக்கப்போவது பாக்டீரியாவே" என்று முழங்கிய அதிகாரி, எதிர்வீட்டு ஜெசிந்தாவின் பானைக்கு மாலை போட்டார். ஏரிப்பாசியின் விஷத்தைத் தின்னும் பாக்டீரியாவை வீட்டுக்கு வீடு பானையில் வளர்க்கிறார்கள். இவ்வருடம் ஏரியில் ஊற்ற அவள் பானைதான் தேர்வாம். பட்டுத்துணி போர்த்தி வளர்த்த தன் பானை செத்துக் கிடக்க, கோதைநாயகிக்கு வயிறு எரிந்தது.

"உறைக்குக் கொஞ்சம் தரட்டுமாக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"வேணாம்மா. கண்ட எடத்து உறை எங்க வீட்டுக்கு ஒத்துக்காது."

"இந்த ரகம் எங்கம்மா கிடைச்சுது?" என்றார் அதிகாரி.

"இவங்க வீட்டுச் சாக்கடையிலதான் சார். நாத்தம்னு அக்கா போன மாசம் கொட்டின பழைய உறையை அள்ளி வச்சேன்."

கோதைநாயகி செம்போடு கொல்லைப்பக்கம் ஓடினாள். அதிகாரி வருகிறார் என்று அன்று காலையில்தான் அந்தச் சாக்கடை முழுக்க பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாள்.