பெயர் எழுத வேண்டாம்

“மிஸ், எங்கடை பிள்ளை ஒண்டு வயித்திலை பிள்ளையோடை நிக்குது போல கிடக்கு.” சொல்லி முடிப்பதற்குள் ஜெசிதாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. கையில் இருந்த கடதாசித் துண்டைப் பிரதி அதிபரிடம் நீட்டினாள்.

சுகாதாரப் பாடம் படிப்பிக்கிற ஜெசிதா, போன மாதம்தான் நூலக மூலையில் ஒரு பெட்டி வைத்தாள். ‘எதையும் கேட்கலாம், பெயர் எழுத வேண்டாம்’ என்று மேலே ஒட்டியிருந்தாள். முதல் கிழமை முகப்பருவைப் பற்றிக் கேட்டார்கள், அடுத்த கிழமை காதலைப் பற்றி. இன்றைக்கு வந்தது இது:

‘நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. இரவில் நித்திரை இல்லை, சும்மா சும்மா அழுகை வருகுது. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. செத்தாலும் பரவாயில்லை போல கிடக்கு. நான் என்ன செய்ய?’

எழுத்து கோணல்மாணல். ஆரென்று தெரியக்கூடாதென்று இடக்கையால் எழுதியிருக்க வேண்டும்.

பிரதி அதிபர் மகாதேவி மிஸ் அந்தத் துண்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. கல்யாணம் கட்டாத மனுசி. கட்டிலோடு கிடக்கிற தகப்பனும் இந்தப் பள்ளிக்கூடமும்தான் அவவின் சீவியம். வெளியே கார்த்திகை மழை ஊத்துது, கோப்பாய் ஊரே குளிரில் விறைக்குது, இவவுக்கு மட்டும் ஃபான் ஐந்தில் சுத்த வேணும்!

“உந்தப் பெட்டியைத் தூக்கி ஸ்ரோரிலை போடும்,” என்று கழுத்தைத் துடைத்தா. “எங்கடை காலத்திலை உந்தப் பாடம் வந்தா, வீட்டை போய் வாசியுங்கோ எண்டு ரீச்சர் சொல்லுவா.”

“வாசிச்சனீங்களோ மிஸ்?”

“அம்மா அந்தப் பக்கத்தையே கிழிச்சுப்போட்டா. நாங்கள் வளரேல்லையே? போம், போய் வகுப்பைப் பாரும்.”

கல்நெஞ்சுக்காரி! ஜெசிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இரண்டு தரம் அவள் மேசையடிக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் அதன் செத்தவீட்டுக்குத்தான் போனாள். இன்னொரு பிள்ளையை விடமாட்டேன், மாதாவே, இதையும் எடுத்துப்போடாதே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவள் பாடம் எடுக்கிற பதினோராம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். கொப்பிகளை எல்லாம் வாங்கி எழுத்துப் பார்த்தாள், ஒன்றும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் அழுதது போலவும் இருந்தது, ஒருத்தியும் அழாதது போலவும் இருந்தது.

நிரோஜினி மட்டும் இரண்டு நாளாக வரவில்லை. இடைவேளை மணி அடித்ததும், மழைக்கோட்டுகூடப் போடாமல் ஸ்கூட்டியை இணுவிலில் இருக்கிற அவள் வீட்டுக்கு விட்டாள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

“கிட்ட வராதேங்கோ ரீச்சர், பிள்ளைக்குக் கொப்பளிப்பான்,” என்று தாய் கத்தினா. யன்னலுக்குள்ளால் நிரோஜினி, முகமெல்லாம் கொப்பளமாக, கை காட்டினாள். ஜெசிதாவுக்கு அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து, நனைந்த கையாலேயே ஒரு துண்டு எழுதிப் பெட்டியில் ஒட்டினாள்: ‘நாலு மாதம் என்று எழுதின பிள்ளை, பள்ளி விட்ட பிறகு சுகாதார அறைக்கு வா. நான் ஏச மாட்டன். ஆருக்கும் சொல்ல மாட்டன். நீ தனிய இல்லை.’

ஒன்றரைக்கு மணி அடித்தது. கடைசி பஸ்ஸும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. இரண்டு மணியாயிற்று, இரண்டரையாயிற்று; ஒரு குருவிகூட வரவில்லை. பிந்திப்போனனோ? இப்ப எந்தக் கிணத்தடியிலை நிக்குதோ என்ரை குஞ்சு? ஜெசிதா மேசையில் முகம் புதைத்து விம்மினாள்.

விறாந்தையில் செருப்புச் சத்தம். பாய்ந்து எழும்பினாள்.

வந்தது மகாதேவி மிஸ்.

“ஐயோ மிஸ், கும்பிட்டன், போயிடுங்கோ! உங்களைக் கண்டால் அந்தப் பிள்ளை அப்பிடியே திரும்பி ஓடிவிடும்!”

மகாதேவி மிஸ் போகவில்லை. கதவைச் சாத்திக் கொண்டி போட்டா. பிள்ளைகள் இருக்கிற சின்ன வாங்கில் குந்தினா. முகமெல்லாம் வேர்த்து, கண் சிவந்திருந்தது.

“ஏச மாட்டன் எண்டு எழுதியிருக்கிறீர்.”

“ஓம் மிஸ், பதினாறு வயசுப் பிள்ளையை ஏசி என்ன வரப்போகுது? அது பயந்து போய்…”

“பதினாறு எண்டு அதிலை எழுதிக் கிடந்ததோ?”

ஜெசிதா துண்டை விரித்துப் பார்த்தாள். இல்லை.

மகாதேவி மிஸ் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னா:

“எனக்கு ஐம்பத்தொரு வயசு, பிள்ளை.”