பதினொன்று ஐம்பத்து நாலு

"எட்டு மணியெண்டு எழுதியிருக்கிறது பிழை மகள். அத வெட்டுங்க."

டொக்டர் றுஸ்தா நிமிர்ந்து பார்த்தாள். அறுபது வயதிருக்கும் மனிதர். அம்புலன்ஸுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தவர். பெயர் அச்சிமுகம்மது என்று வாசலில் சொல்லியிருந்தார்.

கட்டிலில் கிடந்த ஜெஸீம் கல்முனை பஸாரில் சாறிக்கடை வைத்திருப்பவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் போய், ஒரு சொல்லும் வரவில்லை. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. இரத்தக்கட்டியொன்றுதான் மூளைக்குப் போகும் குழாயை அடைத்திருந்தது.

அதைக் கரைக்கும் ஊசி கைவசம் இருந்தது. ஆனால் நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். பிந்திப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அம்புலன்ஸ்காரர் தந்த தாளிலோ, கடை ஊழியர் அவரை நல்லபடி கடைசியாகக் கண்டது காலை எட்டு மணிக்கு என்றிருந்தது. இப்போது இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"ஊழியர் எட்டு மணிக்கு அக்கரைப்பற்றுக்குப் போயிருக்கார். ஒரு மணிக்குத் திரும்பி வரக்குள்ள இவர் விழுந்து கிடந்திருக்கார். இடையில ஒருத்தரும் பார்க்கலியே சாச்சா."

"நான் பார்த்த."

"எத்தின மணிக்கு?"

"பதினொண்டு ஐம்பத்து நாலு."

"அவ்வளவு சரியாவா?"

"என்ட கடை நேரெதிர்ல. லுஹர் தொழுகைக்குப் போக எழும்பி மணி பார்த்த. அப்ப இவர் போன்ல ஆரையோ ஏசிக்கிட்டு நிண்ட. ஏசி முடிச்சி, வலக்கையால சாறிக் கட்டொண்டத் தூக்கி மேல்தட்டுல வெச்ச. வாய் கோணல்ல, கால் இழுபடல்ல. நான் பள்ளியால வரக்குள்ளதான் சனம் கூடி நிண்ட."

றுஸ்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படிச் சாட்சி சொல்பவரை அவள் இந்த வார்டில் கண்டதில்லை. பெரும்பாலும் 'இப்பதான் டொக்டர், கொஞ்சம் முந்தி' என்பார்கள்.

"இரத்தத்த இளக வைக்கிற குளிசை ஏதும் பாவிக்கிறாரா?"

"இல்ல. பிறசருக்கு மட்டும் ஒண்டு. எட்டரைக்கு, பிளேன்டீக்கு முன்ன."

"ஒப்பரேசன்?"

"போன வருசம் றமழானுக்குப் பொறகு கண்ணுக்கு. ரெண்டு கிழமை கடை பூட்டு."

"வீட்டாக்கள்?"

"பொஞ்சாதியும் பிள்ளையளும் திங்கக்கிழமை உம்றாவுக்கு மக்கா போன."

தன் கணவனிடம் கேட்டால், தனக்கு ஒவ்வாத மருந்து எதுவென்றுகூடச் சொல்ல மாட்டான் என்று றுஸ்தா நினைத்துக்கொண்டாள்.

"நீங்க இவர்ர காக்காவா, கூடப் பொறந்தவரா?"

"நேரம் போகுது மகள்."

ஆனாலும் ஒருவர் சொல்லை மட்டும் நம்பி அந்த ஊசியைப் போட அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் பொய் சொல்ல வேண்டுமென்றுகூட இல்லை, பாசத்தில் மணியைப் பிழையாக நினைத்திருந்தாலே ஆபத்துதான்.

ஜெஸீமின் சட்டைப் பையில் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தாள். கடைசியாக எடுத்த அழைப்பு: பதினொன்று நாற்பத்தொன்பது. ஐந்து நிமிடம். அந்த இலக்கத்துக்கே திருப்பி எடுத்தாள்.

"கனகரெத்தினம் கதைக்கிறன். என்ன முதலாளி, இன்னும் கோபம் ஆறல்லியா?"

றுஸ்தா தான் யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டாள். "அவர் கதைக்கக்குள்ள நாக்கு ஏதும் குளறினதா?"

"குளறவா! அனுப்பின சாறி நிறம் மாறிப்போச்செண்டு அந்த ஏச்சு ஏசினார். பதில் சொல்லத் தெரியாம நான்தான் டொக்டர் குளறின."

அவள் தாளில் 'எட்டு' என்றிருந்ததை வெட்டினாள். பெரிய டொக்டருடன் போனில் கதைத்தாள். இரண்டே காலுக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

அச்சிமுகம்மது வெளியே கதவோரமாக நின்றார். ஜெஸீமின் கண் படாத இடமாகப் பார்த்து நின்றார். அவருடைய உதடுகள் ஓதிக்கொண்டேயிருந்தன. தாதி கதிரை போட்டும் அவர் உட்காரவில்லை.

மூன்று மணி தாண்டியபோது வலது கையின் பெருவிரல் அசைந்தது. பிறகு முழங்கை மடிந்தது. கோணியிருந்த வாய் மெல்ல நேராகியது.

"உங்கட பேர் என்ன?"

"ஜெ... ஜெஸீம்."

றுஸ்தாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஓடிப்போய் அச்சிமுகம்மதுவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க சாச்சா, வந்து கதைங்க. நீங்க சொன்ன மணிதான் இவரக் காப்பாத்தின."

"வேணாம் மகள், நான் இப்பிடியே போறன்..."

அவள் விடவில்லை. கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினாள். ஜெஸீமின் கண்கள் அகலமாக விரிந்தன. வலது கை உயர்ந்து அவரைச் சுட்டிக் காட்டியது.

"இவன... ஆரு... உள்ள விட்ட?"

மெதுவாகத்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கணீரென்று வந்தது. றுஸ்தா திகைத்துப் போனாள்.

"மன்னிச்சிக்கங்க சாச்சா. இன்னும் ஆள் விளங்கல்ல போல."

அச்சிமுகம்மது கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லா விளங்கித்தான் கதைக்கிறார் மகள். எங்க ரெண்டு பேருக்கும் ஒன்பது வருசமாக் காணி வழக்கு. வாற புதன்கிழமை கோர்ட்டில ஏறி எனக்கெதிராக் கதைக்க வேண்டியவர் இவர்தான்."